தோப்பூர்த் தேசிக்கன்றின் முள்ளும் நான் எழுதிய பிழையும்

இந்த முறை நான் ஊர் பார்க்கப் போகவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன். போன ஒக்ரோபரில், மாரி மழை இறங்க முந்திய சனிக்கிழமை, வவுனியாவிலிருந்து திருகோணமலைக்குப் போய், துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு தோப்பூர் வரை ஒரே நாளில் போய்த் திரும்பிய கதை இது. போக நினைப்பவர்களுக்கு நேரம், கட்டணம் எல்லாம் வழமைபோலச் சொல்கிறேன். ஆனால் முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லியாக வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் இதே பக்கத்தில் தோப்பூர்ப் பயணம் ஒன்றை எழுதினேன். பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதில் கடைசி மூன்று பந்தி, வீதியோரம் கன்று விற்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. அவரிடம் ஒரு தேசிக்கன்று, அதாவது எலுமிச்சங்கன்று, வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் இலைக்கு ஒரு முள், என் சுண்டுவிரலில் பாதி நீளம். உடனே எனக்குள் இருந்த மேதாவி எழும்பிவிட்டாள். இது தேசியே அல்ல, ஒட்டுவதற்கு வளர்க்கும் காட்டு அடிக்கன்று, ஒட்டுப் பட்டுப்போன பிறகு மிஞ்சியதை விற்று ஏமாற்றுகிறார்கள், 'முள்ளுக்காரி'யிடம் கவனம் என்று எழுதினேன். அந்தச் சொல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டு தரம் பாவித்தேன். பெயர் போடவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அவருடைய வாசல் படலையும் விற்பனைப் பலகையும் தெளிவாகத் தெரியும் படத்தைப் போட்டேன். வேறு எதை எழுதியும் வராத அளவு ஆட்கள் அதைப் பகிர்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நான் எங்கே இருந்து அந்த அறிவைப் பெற்றேன் என்றால், ஒருநாள் விவசாய வகுப்பிலிருந்து. ஒட்டுக்கன்றில் ஒட்டுக்குக் கீழே இருந்து பெரிய முள்ளோடு ஒரு கிளை வந்தால் அது அடிக்கன்றின் கிளை, வெட்டிவிட வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். அது சரிதான். ஆனால் இந்தக் கன்றில் ஒட்டே இல்லை. அது விதையில் முளைத்தது. அதைக் குனிந்து பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கன்றைக் கிணற்றடி மூலையில் நட்டுவிட்டு மறந்துபோனேன். பிடுங்கி எறியாததற்கு என் சோம்பல்தான் காரணம், நல்லெண்ணம் அல்ல. இந்த வருடம் சித்திரை முடிய அது பூத்தது. ஆவணியில் காய்த்தது. அரிந்து பிழிந்தால் சாட்சாத் தேசிக்காய். குசினி முழுக்க வாசம். நான் கத்தியைக் கையில் பிடித்தபடி நின்றேன், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நான் ஒரு பாடசாலை ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். அடுத்த நாள் அந்த மரத்தின் இளம் தளிரையும் இளம் முள்ளையும் கொண்டுபோய், சவர அலகால் மெல்லிசாகச் சீவி, சிவப்புச் சாயம் ஏற்றி நுணுக்குக்காட்டியில் வைத்தேன். தளிரின் நுனியில் குட்டிக் குட்டி உயிர்க்கலங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. இவைதான் குருத்துக்கலங்கள். இவை பிரிந்துகொண்டே இருக்கும். பிரிந்ததில் ஒரு பங்கு குருத்துக்கலமாகவே நிற்கும், மறு பங்கு இலையாகவும் தண்டாகவும் மாறும். அதனால்தான் கிளை வருடக்கணக்கில் நீள்கிறது. முள்ளின் நுனியில் அந்தக் கூட்டம் இல்லை. எல்லாக் கலங்களும் நீண்டு, சுவர் தடித்து, சிவப்பை நன்றாக இழுத்துக்கொண்டு கிடந்தன. வேலை முடிந்துபோன இடம் அது.

பிறகு இரண்டு கிழமை இருந்து வாசித்தேன். மூன்று வருடத்துக்கு முன் வாசித்திருக்க வேண்டியது. தேசி முள் வெளியில் இருந்து ஒட்டிய சாமான் அல்ல, அது ஒரு கிளைதான். இலைக் கக்கத்தில் கிளை அரும்பு வருவது போலவே வரும், அதன் நுனியிலும் குருத்துக்கலங்கள் இருக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் 'போதும், நிறுத்து' என்று ஒரு மரபணு உத்தரவு போடும். குருத்துக்கலங்கள் பிரிவதை விட்டுவிட்டு மற்றக் கலங்கள் மாதிரி முதிர்ந்துவிடும். நுனி கூராகி மரமாக இறுகிவிடும். ஆய்வாளர்கள் அந்த மரபணுவை முடக்கிப் பார்த்தபோது முள் வரவேண்டிய இடத்தில் இலையும் தண்டுமாகக் கிளை வந்ததாம். விதையில் முளைத்த இளம் கன்றில் இந்த முள் அதிகம். மரம் முதிர முதிரப் புதுக் கிளைகளில் குறையும். ஒட்டுக்கன்றுக்கு முள் குறைவாக இருப்பதும் காய்த்த மரத்தின் கிளையை ஒட்டுவதால்தான். ஆக, அந்தப் பெண் விற்ற கன்றில் எந்தக் குறையும் இல்லை. குறை வாங்கியவளிடம் இருந்தது.

நான் அடுத்துச் செய்தது இன்னும் கேவலம். பழைய பதிவைச் சத்தம் போடாமல் அழித்துவிட்டேன். ஒரு வரி விளக்கம்கூட எழுதவில்லை. ஒரு மாதம் நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. ஒவ்வொரு முறை தேசிக்காய் பிழியும்போதும் அந்தப் படலை கண்ணுக்குள் வந்து நின்றது. சரி, முகத்துக்கு நேரே போய்ச் சொல்லிவிடுவோம் என்று பதினொரு காயைப் பறித்துப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

வவுனியாவில் காலை 5.40க்குப் பஸ். கட்டணம் 410 ரூபா. ஹொரவப்பொத்தானை வழியாக வந்து 8.55க்குத் திருகோணமலை பஸ் நிலையத்தில் இறக்கியது. அங்கேயே ஒரு பிளேன்ரீயும் இரண்டு வடையும், 160 ரூபா. தோப்பூர் பஸ் 9.20க்கு. கட்டணம் 220. என் கைபேசி 44 கிலோமீற்றர் என்றது, பஸ்ஸுக்கு ஒரு மணியும் நாற்பது நிமிடமும் எடுத்தது. இடப்பக்க இருக்கையைப் பிடியுங்கள். சீனன்குடா வரை துறைமுகத் தண்ணீர் விட்டு விட்டுத் தெரிந்துகொண்டே வரும். விமானப்படை வேலி நெடுக கமராவைப் பைக்குள் வைத்திருங்கள்.

அந்த வேலியோரத்தில் ஆடுகள் மேய்ந்தன. நான் முள்ளாகவே பார்த்துக்கொண்டு வந்தேன், வேறு எதுவும் கண்ணில் படவில்லை. இலந்தை முள் இலைக்காம்பின் அடியில் இரண்டு பக்கமும் இருக்கும் செதில் மாறி வந்தது. விளாத்தி முள் தேசி போல இலைக் கக்கத்தில் வருவது. விளாத்தியும் தேசியும் ஒரே குடும்பம். ரோசாவில் இருப்பது வெறும் தோலில் முளைத்தது, விரலால் தள்ளினால் கழன்றுவிடும். ஒன்றுக்கொன்று உறவில்லாத செடிகள், வெவ்வேறு உறுப்பை எடுத்து, வெவ்வேறு காலத்தில் ஒரே வேலைக்கு முள்ளாக்கியிருக்கின்றன. எந்தச் செடியும் யோசித்துச் செய்யவில்லை. ஆடு மாடு கடித்துத் தின்ற இடங்களில் தற்செயலாகக் கொஞ்சம் கூராக இருந்தது தப்பியது, அதன் விதை அடுத்ததாக முளைத்தது, அவ்வளவுதான். இதையெல்லாம் மனதுக்குள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு போனேன். போய்ச் சொல்லி விளங்கப்படுத்தலாம் என்ற நினைப்பு. பாருங்கள், மன்னிப்புக் கேட்கப் போகும்போதுகூடப் பாடம் எடுக்கும் புத்தி போகவில்லை.

கிண்ணியாப் பாலத்தில் காற்று அள்ளிக்கொண்டு போனது. மூதூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், விதைப்புக்கு உழுதுகொண்டிருந்தார்கள். பதினொரு மணிக்குத் தோப்பூர்ச் சந்தியில் இறங்கினேன். வீடு அங்கிருந்து மூன்று கிலோமீற்றர். சந்தித் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நின்ற ஓட்டோக்காரரிடம், கன்று விற்கும் ஒரு ராத்தாவின், அதாவது அக்காவின், வீட்டுக்குப் போகவேண்டும், பெயர் தெரியாது என்றேன். முப்பது வயது இருக்கும் அவருக்கு. தலையை வெளியே நீட்டி, "முள்ளுக்காரி ராத்தாவா? ஏறுங்க மிஸ்" என்றார்.

அது என் சொல். நான் வவுனியாவில் மின்விசிறிக்குக் கீழே இருந்து யோசித்து எடுத்த சொல். ஏன் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டேன். யாரோ இன்டர்நெட்டில் எழுதிப்போட்டார்களாம், காட்டுக் கன்றைத் தேசி என்று விற்கிறார் என்று. அன்றிலிருந்து ஊரில் அதுதான் பெயராம். சிறுசுகள் படலையில் நின்று கூப்பிட்டுவிட்டு ஓடுமாம். இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத சிரிப்பு. நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. கட்டணம் 400 ரூபா, பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்து ஏற்றுகிறேன் என்று சொல்லிப் போனார்.

படலையில் பலகை இல்லை. உள்ளே கறிவேப்பிலை, முருங்கை, மிளகாய் நாற்று எல்லாம் கறுப்புப் பைகளில் வரிசையாக இருந்தன. தேசிக்கன்று ஒன்றுகூட இல்லை. அவர் குந்தி இருந்து பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பெயர் மாஹிரா என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்று வருடத்துக்கு முன் இரண்டு தரம் முள்ளுக்காரி என்று எழுதியவளுக்கு அவருடைய பெயர் தெரிந்திருக்கவில்லை. என்ன கன்று வேணும் என்று கேட்டார். நான் வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்த பேச்சை விட்டுவிட்டுச் சொன்னேன்.

"ராத்தா, உங்களைப் பற்றி அந்தக் கதையை எழுதினது நான்தான். பிழையா எழுதிப்போட்டன். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அவர் கையில் இருந்த மண்ணைப் பைக்குள் போட்டு அழுத்திவிட்டு எழும்பினார். திட்டுவார் என்று நின்றேன். துரத்தியிருந்தால்கூட எனக்குச் சுகமாக இருந்திருக்கும். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவி, ஒரு பிளாஸ்ரிக் கதிரையை நிழலில் இழுத்துப் போட்டு, "இரிங்க" என்றார். அவர் இருக்கவில்லை.

நான் பையைத் திறந்து காய்களைக் காட்டினேன். ஒன்றை எடுத்து நகத்தால் தோலைக் கீறி மணந்து பார்த்தார். எங்கட மரத்துக் காய்தான் என்றார். வீட்டுக்குப் பின்னால் நின்ற தாய்மரத்தைக் கையால் காட்டினார். அதன் உச்சிக் கிளைகளில் முள் தேடித்தான் பார்க்கவேண்டும். அடியில் இருந்து வந்த பழைய கிளைகளில் இன்னும் நீட்டிக்கொண்டு நின்றது. சின்னதில் முள் போடும், ஆடு எட்டாத உயரத்துக்குப் போனால் குறைத்துக்கொள்ளும், இது இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும் என்றார். நான் குருத்துக்கலத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அந்த அளவு புத்தியாவது அப்போது வந்திருந்தது.

"ஒட்டுக்கன்று எண்டு நான் ஒருநாளும் சென்னதில்ல மிஸ். நீங்க கேக்கவும் இல்ல. விலை மட்டும்தான் கேட்டீங்க."

உண்மை. மூன்று வருடத்துக்கு முன் அவர் எனக்கு இரண்டு முழத் தூரத்தில் நின்றார். ஒரு கேள்வி கேட்டிருந்தால் முடிந்திருக்கும்.

பிறகு நடந்ததை அவர் சொன்னார். குரலை உயர்த்தாமல், நாற்றுப் பைகளுக்குத் தண்ணீர் ஊற்றியபடியே சொன்னார். மூதூரில் இருந்து ஒரு விவசாயச் சங்கம் இருநூறு தேசிக்கன்று சொல்லி வைத்திருந்ததாம். என் பதிவு வந்த அடுத்த கிழமை ஆள் வந்து, முள்ளைப் பார்த்து, வேண்டாம் என்று போய்விட்டார்கள். சந்தைக்குக் கொண்டுபோனாலும் வாங்குகிறவர்கள் முதலில் முள்ளைத்தான் பார்த்தார்களாம். ஆகவே அவர் ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு கன்றாக எடுத்து, நகவெட்டியால் முள் முழுவதையும் அடியோடு வெட்டினார். காலையில் இருந்து மத்தியானம் வரை, பதினேழு நாள். கன்று பார்வைக்கு நல்ல பிள்ளையாக வந்தது. அடுத்த மழைக்கு வெட்டின காயங்களால் நோய் இறங்கி, இலையும் தண்டும் சொறிபிடித்துப் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சத்தை வாங்கிக்கொண்டு போனவர்களும் வந்து சண்டை பிடித்தார்களாம். அதோடு தேசி போடுவதை விட்டுவிட்டார்.

அவருடைய புறங்கையில் வெள்ளை வெள்ளையாகக் கீறல் தழும்புகள் இருந்தன. நான் அவற்றைப் பார்ப்பதை அவர் கண்டார், கையை மறைக்கவில்லை. எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. தேசிச் செடியின் முள்ளை வெட்டுவது எவ்வளவு அநியாயமான வேலை என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் செய்ய வைத்தேன். வேறு யாரும் அல்ல, நான்.

அந்தப் பதிவை அழித்துவிட்டேன் ராத்தா என்றேன், ஏதோ பெரிய பிராயச்சித்தம் செய்தவள் மாதிரி. அப்போதுதான் அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

"அழிச்சிட்டீங்களா? அப்ப நான் ஏமாத்துக்காரி எண்டது ஊருக்குள்ள இரிக்கு, அதச் சென்ன ஆள் மட்டும் இல்லாமப் போயிட்டார். என்ன ஞாயம் இது?"

பிறகு அவர் எனக்கு இரண்டு வேலை சொன்னார். ஒன்று, அழித்ததைத் திரும்பப் போட்டு, மேலே பிழை என்று எழுதவேண்டும். இரண்டாவது, போகிற வழியில் சந்திக் கடையில் இறங்கி, இதை எழுதினது நான், எழுதினது பிழை என்று என் வாயால் சொல்லவேண்டும். "இஞ்ச ஆரும் தேடி வாசிக்கல்ல. வாயாலதான் வந்த. நான் சென்னா, தன்ட கன்ற விக்கச் சொல்றா எண்டுவாங்க" என்றார். பதினொரு காயையும் திருப்பித் தந்தார். தேத்தண்ணி தரவில்லை. தந்திருந்தால் எனக்கு இறங்கியிருக்காது.

ஓட்டோ வந்தது. ஏறி அரைக் கிலோமீற்றர் போயிருக்கும். இவரிடமே சொல்ல முடியாவிட்டால் கடையில் எப்படிச் சொல்வது என்று என்னையே உதைத்துக்கொண்டு, "தம்பி, அந்த ராத்தாவைப் பற்றி இன்டர்நெட்டில எழுதினது நான்தான். அது முழுக்கப் பிழை" என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வேகத்தைக் குறைக்கவும் இல்லை, திட்டவும் இல்லை.

"வரக்குள்ள நீங்களும் சிரிச்சீங்களே மிஸ்" என்றார்.

சந்திக் கடையில் ஏழெட்டு ஆண்கள் இருந்தார்கள். ஓட்டோத் தம்பி முன்னால் போய், இந்த மிஸ் ஒன்று சொல்லவேண்டுமாம் என்று அறிமுகம் செய்தார். அது தண்டனையா உதவியா என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னேன். விதைக்கன்றில் முள் இருப்பது இயல்பு, எனக்கு அது தெரியாமல் எழுதினேன், அவர் யாரையும் ஏமாற்றவில்லை, இதோ அவருடைய கன்றில் காய்த்த காய் என்று பையை மேசையில் கவிழ்த்தேன். காய்கள் கைமாறிப் போயின. மணந்தார்கள், ஒருவர் கடித்தே பார்த்தார். தலையை ஆட்டினார்கள். பிறகு ஓரத்தில் இருந்த ஒரு பெரியவர் நல்ல மனதோடுதான் கேட்டார்:

"அப்ப முள்ளுக்காரிட கன்று நல்ல கன்றுதான் என்ன?"

ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது?

இனிப் போக நினைப்பவர்களுக்கு. திருகோணமலையில் இருந்து 9.20 பஸ் தவறினால் அடுத்தது 10.30க்கு என்றார்கள், திரும்பும்போது தோப்பூர்ச் சந்தியில் 1.15க்கு எனக்குக் கிடைத்தது, வவுனியாவுக்கு இரவு 7.05க்கு வந்து சேர்ந்தேன். முழுச் செலவு 2,300 ரூபாவுக்குள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைகள் பூட்டியிருக்கும், அன்று போகாதீர்கள். தேசி நடுகிறவர்கள் விதைக்கன்றின் முள்ளை வெட்டாதீர்கள். கை படும் இடத்தில் கூர்நுனியை மட்டும் கிள்ளலாம், அடியோடு வேண்டாம், மழைக்காலத்தில் தொடவே வேண்டாம். காய்க்க நாலைந்து வருடம் எடுக்கும், பொறுங்கள். பழைய பதிவைத் திரும்பப் போட்டிருக்கிறேன், பிழை என்ற வரி முதல் வரியாக இருக்கிறது. படத்தை மட்டும் எடுத்துவிட்டேன், அது அவருடைய படலை.

மாஹிரா ராத்தா இந்த மாரிக்கு மறுபடி தேசி விதை போட்டாரா என்று தெரியாது. கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் நீங்கள் போய்க் கேட்கலாம். தோப்பூரில் இறங்கி மாஹிரா என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது, இன்னொரு பெயரைச் சொன்னால் உடனே கொண்டுபோய் விடுவார்கள். அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள். மாஹிரா என்றே கேளுங்கள், தெரியாது என்றால் அடுத்த ஆளிடம் கேளுங்கள். அரை மணித்தியாலம் அலைய வேண்டி வரும். தயவுசெய்து அலையுங்கள்.